நடுவில் நிற்கும் கணினிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு

1980களில் அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் மின்னஞ்சல் அனுப்பியவருக்கு, கடிதம் போய்ச்சேர வேண்டிய இடம் தெரிந்தால் மட்டும் போதாது. போகிற வழியும் தெரிந்திருக்க வேண்டும். வழிதான் முகவரி. ‘டெக்வாக்ஸ்!ஐஎச்என்பி4!கடைசிக்கணினி!பெயர்’ என்று எழுதினால், கடிதம் முதலில் டெக்வாக்ஸ் என்ற கணினிக்குப் போகும். அது ஐஎச்என்பி4ஐ அழைக்கும், அது கடைசிக் கணினியை அழைக்கும். நடுவில் இருக்கும் ஒவ்வோர் ஆச்சரியக்குறியும் ஒரு தொலைபேசி அழைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பின்னால் இருந்த நிரல் யு.யு.சி.பி. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதியது; 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளியே வந்தது. ஒரு கணினி மோடம் வழியாக இன்னொன்றைக் கூப்பிடும், கோப்புகளைக் கைமாற்றும், போனை வைத்துவிடும். அவ்வளவுதான். தலைமை அஞ்சலகம் கிடையாது, அமைச்சகம் கிடையாது. அடுத்த கணினிக்காரர் சம்மதித்தால் கடிதம் நகரும்.

அந்தச் சம்மதத்தை எல்லோரும் சிலரிடமே கேட்டதுதான் சிக்கல். இல்லினாய் மாநிலத்தில் பெல் ஆய்வகத்தின் இண்டியன் ஹில் வளாகத்தில் இருந்த ஐஎச்என்பி4, டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்வாக்ஸ், பெர்க்லியின் யுசிபிவாக்ஸ், வர்ஜீனியாவின் நிலநடுக்க ஆய்வு மையத்தில் இருந்த சீஸ்மோ ஆகியவை யாரும் நியமிக்காமலே ஊர்ப் பொதுக்கிணறாகிவிட்டன. டிஸ்க் நிரம்பியது, மோடம் ஓயவில்லை, போன் பில் யாரோ ஒருவர் மேசைக்குப் போனது.

ஒவ்வொரு நிலையத்திலும் அஞ்சலைக் கவனித்தவரைப் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்றார்கள். பெரும்பாலும் அது சம்பளமில்லாத கூடுதல் வேலை. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. வரைபடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

யு.யு.சி.பி. வரைபடத் திட்டம் என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு நிலையமும் தான் யார் யாரை அழைக்கிறது, எத்தனை முறை அழைக்கிறது என்று எழுதி அனுப்பும். அதைத் தொகுத்து மாதந்தோறும் யூஸ்நெட் என்ற செய்திக்குழு வலையில் வெளியிடுவார்கள். இணைப்பின் தன்மையை வார்த்தையால் எழுத வேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விலை உண்டு. லோக்கல் 25, டெடிகேட்டட் 95, டைரக்ட் 200, டிமாண்ட் 300, அவர்லி 500, ஈவினிங் 1800, டெய்லி 5000, வீக்லி 30000.

இந்த எண்கள் தூரத்தையோ வேகத்தையோ குறிக்கவில்லை. கடிதம் எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கும் என்பதன் கணக்கு இது. நாளுக்கு ஒருமுறை என்பது 5000 என்றால், மணிக்கு ஒருமுறை என்பது அதை 24ஆல் வகுத்து, ஏறக்குறைய 208 அல்லவா இருக்க வேண்டும்? வேண்டுமென்றே 500 என்று வைத்தார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தனியாக ஒரு சுமை உண்டு. அதையும் விலையில் ஏற்றினால்தான் நிரல் தேவையில்லாமல் பத்துக் கணினி சுற்றிக்கொண்டு போகாது.

இரவில் மட்டும் அழைக்கும் நீங்கள் ‘டிமாண்ட்’ என்று பெருமைக்கு எழுதிவைத்தால், மறுமாதமே ஊர்க் கடிதமெல்லாம் உங்கள் வாசலில் வந்து விடியும்வரை படுத்திருக்கும்.

2. ஐந்து புள்ளிக்கு என்ன பலம் என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

வரைபடத்தைப் படித்துப் பாதை கண்டுபிடிக்கும் நிரல் பாத்அலியஸ். பீட்டர் ஹனிமேனும் ஸ்டீவ் பெலோவினும் அதைப் பற்றி 1986இல் கட்டுரை எழுதினார்கள். டைக்ஸ்ட்ராவின் குறுக்குவழிக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வோர் ஊருக்கும் ஆக மலிவான ஒரே ஒரு பாதையைத் தரும். இரண்டாவது மலிவான பாதைக்கு அங்கே மதிப்பே இல்லை.

இதன் விளைவைப் பாருங்கள். உங்கள் வழி 600, பக்கத்து நிலையத்தின் வழி 603. கடிதங்கள் பாதிக்குப் பாதி பிரியும் என்று நினைப்பீர்கள். பிரியாது. அத்தனையும் உங்களிடம் வரும், அவரிடம் ஒன்றும் போகாது. விலையைக் கொஞ்சம் ஏற்றவும் இறக்கவும் ‘ஹை’, ‘லோ’ என்று இரண்டு வார்த்தைகள் இருந்தன. ஒன்று 5 குறைக்கும், மற்றது 5 கூட்டும். சுமை தாளாமல் ‘லோ’ என்று சேர்த்தவர், தன் தலையில் இருந்த மூட்டையை முழுசாக அடுத்தவர் தலையில் இறக்கிவிட்டார் என்று பொருள். ஆகவே மாற்றும் முன் அந்த அடுத்தவரை ஒருமுறை கேளுங்கள்.

3. பக்கத்து ஊர்க்காரருடன் நேரடி இணைப்பு வையுங்கள்.

ஒரே நகரத்தின் இரண்டு நிலையங்கள் ஒன்றோடொன்று பேசாமல், இரண்டும் இல்லினாய்க்குத் தொலைதூர அழைப்பு போட்டுக்கொண்டிருக்கும் வேடிக்கை நிஜமாகவே நடக்கக்கூடியதுதான். பெரிய கணினியோடு இணைப்பு கிடைத்ததும் சின்ன இணைப்புகளைத் தேடும் அக்கறை போய்விடுகிறது.

இதைத் தெளிவாகத் தீர்த்தவர்கள் வீட்டுக் கணினிக்காரர்கள். டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கிய ஃபிடோநெட்டில், முதலில் எல்லோரும் எல்லோரையும் நேரடியாக அழைத்தார்கள். எண்ணிக்கை பெருகியதும் 1985இல் ஊர்வாரியாக ‘நெட்’ என்று பிரித்தார்கள். வெளியூரிலிருந்து அந்த ஊரின் தலைமைக் கணினிக்கு ஒரே ஒரு தொலைதூர அழைப்பு. அங்கிருந்து உள்ளூர் அழைப்பில் வீடுவீடாகப் பட்டுவாடா. நம் ஊர்த் தபால்காரர் மூட்டையைப் பிரிக்கிற அதே முறைதான்.

4. கடிதத்தைப் பகலில் விடுங்கள், மூட்டையை இரவுக்கு வையுங்கள்.

யூஸ்நெட் செய்தி மூட்டைகளும் இதே மோடம் வழியாகத்தான் போயின. மூன்று வரிக் கடிதம் ஒன்று, பெரிய செய்தி மூட்டைக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தால் அது மின்னஞ்சலே அல்ல. யு.யு.சி.பி. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எழுத்தைத் தரமாகக் கொடுக்கும். உயர்ந்த தரம் முதலில் போகும். எந்தத் தரத்தை எந்த நேரத்தில் அனுப்பலாம் என்றும் கட்டுப்படுத்த முடியும்.

அன்றைய அமெரிக்காவில் இரவு 11 மணிக்கு மேல் தொலைதூரக் கட்டணம் சரிந்தது. வாரநாட்களில் இரவு 11.10 முதல் காலை 7.50 வரை மட்டும் அழை, சனி ஞாயிறு எப்போதும் அழை என்று ஒரே வரியில் எழுதிவைக்கலாம். எஸ்.டி.டி. பூத் வாசலில் இரவுக் கட்டணத்துக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வரியின் அருமை புரியும். ஆனால் எல்லோரும் சரியாக 11.10க்கே அழைத்தால் அந்தப் பக்கத்து மோடம் ‘பிஸி’யாகவே இருக்கும். 11.37, 12.20 என்று தள்ளி வையுங்கள்.

5. பலருக்கு ஒரே கடிதம் என்றால், ஒரு பிரதியை அனுப்பி அங்கே போய்ப் பிரியுங்கள்.

1981இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கும் யேலுக்கும் இடையே தொடங்கிய பிட்நெட் மரக்கிளை போல அமைந்த வலை. எந்த இரண்டு கணினிக்கும் நடுவே ஒரே பாதை. மாற்றுப்பாதை இல்லாத இடத்தில் சுமையைப் பங்கிட வழியில்லை. குறைக்க வழி உண்டு. ஐரோப்பாவில் 40 பேர் இருக்கும் அஞ்சல் குழுவுக்கு அமெரிக்காவிலிருந்து 40 பிரதிகளை அட்லாண்டிக் தாண்ட வைத்தால், அந்த ஒற்றைக் கம்பி என்ன ஆகும்?

எரிக் தாமஸ் 1986இல் எழுதிய லிஸ்ட்சர்வ் இதற்கு வழி செய்தது. கடல் தாண்டுவது ஒரு பிரதி, கூடவே பெயர்ப்பட்டியல். அக்கரையில் இருக்கும் இன்னொரு லிஸ்ட்சர்வ் அதைப் பிரித்து விநியோகிக்கும்.

6. உங்கள் கணினி திணறினால் அது ‘பொறு’ என்று சொல்லும்படி செய்யுங்கள்.

எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலில் இரண்டு எண்கள் உண்டு. கணினியின் சராசரிச் சுமை முதல் எண்ணைத் தொட்டால், வரும் கடிதத்தை வாங்கி வரிசையில் வைக்கும். உடனே அனுப்ப முயலாது. இரண்டாவது எண்ணைத் தொட்டால் புதிய இணைப்பையே ஏற்காது. வழக்கமாக வைத்தவை 8, 12. பலர் இவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏற்க மறுத்தால் அனுப்பியவரிடம் கடிதம் பத்திரமாக இருக்கும், பிறகு வரும். வாங்கிக்கொண்டு டிஸ்க் நிரம்பிச் சாய்ந்தால் இருவரிடமும் இருக்காது.

7. வசதி வந்ததும் ஒரு பெயருக்கு இரண்டு வாசல் வையுங்கள்.

1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 974, டொமைன் பெயருக்கு எம்.எக்ஸ். பதிவு என்பதைக் கடிதங்களுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று வகுத்தது. இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை இந்தக் கணினியிடம் கொடு, அது எழவில்லை என்றால் அடுத்ததிடம் கொடு என்று எண்ணிட்டுச் சொல்லலாம். சிறிய எண்ணுக்கு முன்னுரிமை. அனுப்புகிறவர் வழியை மனப்பாடம் செய்யும் கட்டாயம் அங்கேதான் உடைந்தது.

இரண்டு கணினிகளுக்கும் ஒரே எண் கொடுத்தால்? 1989 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1123 பதில் சொன்னது: திருவுளச்சீட்டுப் போட்டு ஒன்றை எடுங்கள், சுமை பரவட்டும். பாத்அலியஸால் முடியாத பாதிக்குப் பாதியை இந்தச் சீட்டு செய்துவிட்டது.

8. செலவில் பங்கு கொடுங்கள்.

ஐரோப்பாவின் யூநெட் வலையில், ஆம்ஸ்டர்டாமின் எம்சிவாக்ஸ் வழியாக அட்லாண்டிக் கடக்கும் கடிதங்களின் செலவை உறுப்பு நிலையங்கள் பங்கிட்டுக்கொண்டன. அமெரிக்காவிலோ பெரிய கணினிகள் அந்தந்த நிறுவனத்தின் பெருந்தன்மையில் ஓடின. சீஸ்மோவைக் கவனித்த ரிக் ஆடம்ஸ், யூனிக்ஸ் பயனாளர்களின் யூஸ்நிக்ஸ் சங்கத்தின் பண உதவியோடு 1987இல் யுயுநெட் என்ற சேவையைத் தொடங்கினார். அதில் கட்டணம் இருந்தது. கட்டணம் என்று வந்தால்தான் தங்கள் கடிதங்கள் எந்த வழியில் போகின்றன என்று கணக்குப் பார்க்கத் தோன்றும்.

செய்யக்கூடாதவை

1. எல்லாவற்றையும் ஐஎச்என்பி4 தலையில் கட்டாதீர்கள்.

தெரியாத ஊரா, ஐஎச்என்பி4 வழியாகப் போடு. கையெழுத்துக்குக் கீழே தரும் முகவரியா, ஐஎச்என்பி4லிருந்தே தொடங்கு. அன்றைய பழக்கம் இது. பெரிய கணினி வழியாகப் போனால் வழி தவறாது என்ற நம்பிக்கை. இழுக்கிற மாட்டின் மேலேயே எல்லா மூட்டையும் ஏறியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் கணக்கும் சரி. கூட்டிப் பார்த்தால்தான் தப்பு. 1980களின் பிற்பகுதியில் அந்த வாசலை நம்பியிருக்க முடியாமல் போனபோது, பழைய பாதைகளை விடாமல் வைத்திருந்தவர்களின் கடிதங்கள் நடுவழியில் நின்றன.

2. வழிப்போக்கனாக வந்த கடிதத்தின் பாதையைத் திருத்தாதீர்கள்.

சில நிலையங்கள் தங்கள் வழியே போகும் கடிதத்தைப் பிரித்து, ‘இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியும்’ என்று முகவரியை மாற்றி எழுதின. சுமை குறைக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் வரைபடம் ஒரு மாதப் பழசு. அதோடு பெயர்க்குழப்பம். கணினிகளுக்குக் கதைப் பாத்திரங்களின் பெயரைச் சூட்டுவது அப்போது ஃபேஷன். ‘பில்போ’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் இருந்தன. அனுப்பியவர் தன் பக்கத்துத் தெரு பில்போவுக்கு வழி சொல்லி எழுதியிருப்பார். அதிமேதாவிக் கணினி அதை அடித்துவிட்டு வேறு மாநிலத்து பில்போவிடம் ஒப்படைத்துவிடும். செத்த இணைப்பைத் தவிர்க்கத் தெரிந்தே சுற்றுவழி போட்டவரை, மறுபடி செத்த இணைப்புக்கே தள்ளிவிடும். அடுத்த கணினி யார் என்று தெரியாமல் விழித்தால் மட்டும் வரைபடத்தைத் திறவுங்கள்.

3. ஆச்சரியக்குறியையும் ‘@’ஐயும் ஒரே முகவரியில் கலக்காதீர்கள்.

‘அ!ஆ@இ’ என்று எழுதினால் முதலில் எங்கே போவது? யு.யு.சி.பி. கணினி ‘அ’வுக்கு என்னும். ஆர்ப்பாநெட் என்ற அமெரிக்க ஆய்வு வலையின் வழக்கப்படி படிக்கும் கணினி ‘இ’க்கு என்னும். இரண்டு வலைகளுக்கும் நடுவே நிற்கும் கேட்வே, இப்படிப்பட்ட கடிதங்களைத் தப்பாக அனுப்பித் திரும்பப் பெற்று மறுபடி அனுப்பியே களைத்துவிடும். பங்கிடுவதற்கு முன், வீண் சுமையை உண்டாக்காமல் இருங்கள். மார்க் ஹார்ட்டன் 1986 பிப்ரவரியில் எழுதிய ஆர்.எஃப்.சி. 976, யு.யு.சி.பி. உலகமும் டொமைன் பெயர்களுக்கு மாறிக்கொள்ள வழி காட்டியது.

4. அழைப்பு தோற்றால் உடனே மறுபடி மறுபடி அழைக்காதீர்கள்.

எதிர்முனை எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. உங்களைப் போல 20 பேர் நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினால் அது எழவே முடியாது. குறைந்தது 30 நிமிடம் பொறுங்கள். நாலைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிடுங்கள் என்று ஆர்.எஃப்.சி. 1123 சொல்கிறது. மறுமுயற்சியே நோயாக மாறும் என்பதை 1986 அக்டோபரில் பெர்க்லி பார்த்தது. சில நூறு கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, நொடிக்கு 32,000 பிட் ஓடிய தடம் 40 பிட்டுக்குச் சுருங்கியது. கம்பி அறுபடவில்லை. போன தகவலையே எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்பியதுதான் காரணம்.

5. இயந்திரம் அனுப்பிய கடிதத்துக்கு இயந்திரத்தைப் பதில் எழுத விடாதீர்கள்.

‘உங்கள் கடிதம் சேரவில்லை’ என்று ஒரு கணினி எழுதும். அதைப் பெறுபவர் இல்லை என்று மறு கணினி பதில் எழுதும். விடிவதற்குள் இரண்டும் ஆயிரம் கடிதம் பரிமாறியிருக்கும். அதனால்தான் சேராத அறிவிப்புக்கு அனுப்புநர் இடத்தை வெறுமையாக விடுவது விதி. பதில் எழுத ஆள் இருக்காது. விடுப்பில் போகும்போது தானாகப் பதில் போடும் ‘வெகேஷன்’ நிரலும் ஒருவருக்கு வாரம் ஒருமுறைதான் பதில் எழுதும். ‘பல்க்’, ‘ஜங்க்’ என்று குறித்த கடிதத்துக்கு வாயே திறக்காது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள்.

6. நிரலையும் படத்தையும் கடிதத்தில் திணிக்காதீர்கள்.

1200 பிட் மோடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 120 எழுத்துகள் போகும். பத்து லட்சம் எழுத்துள்ள ஒரு கோப்புக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எழுத்து அல்லாத கோப்பை அனுப்ப ‘யுயுஎன்கோட்’ செய்ய வேண்டும். மூன்று பைட் நான்காக ஊதும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நாலு கைமாற்றம் என்றால் நாலு போன் பில். உங்களுக்கு அதில் முதல் பில் மட்டும்தான் கண்ணில் படும்.

இந்தியாவில் இது இன்னும் உறைக்கும். 1986இல் தொடங்கிய கல்வி, ஆய்வு வலையான எர்நெட்டில் சென்னை ஐ.ஐ.டி. உட்பட எட்டு நிறுவனங்கள் இருந்தன. 1980களின் இறுதியில் வெளிநாட்டுக் கடிதங்கள் மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமான என்.சி.எஸ்.டி. வழியாகத்தான் அமெரிக்காவுக்குப் போயின. அங்கும் ஒரே வாசல். சென்னையிலிருந்து ஒருவர் திணித்த மூட்டை, கான்பூர்க்காரரின் நாலு வரிக் கடிதத்தை நிறுத்திவைக்கும்.

7. ‘எல்லோருக்கும் அனுப்பு’ என்று வருவதை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள்.

1987 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் கிளவுஸ்தாலில் ஒரு மாணவர் கிறிஸ்துமஸ் வாழ்த்து நிரல் எழுதினார். ஓட்டினால் திரையில் ஒரு மரம் வரும். அதற்குள் அந்த நிரல் உங்கள் முகவரிப் பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தன்னைத்தானே அனுப்பிவிடும். ஐரோப்பிய வலையிலிருந்து பிட்நெட்டுக்கும் அங்கிருந்து ஐ.பி.எம். நிறுவனத்தின் உள்வலைக்கும் பாய்ந்து அடைத்துக்கொண்டது. எந்தப் பங்கீட்டு முறையும் இதன் முன் நிற்காது.

8. தாங்க முடியாவிட்டால் சொல்லாமல் கதவடைக்காதீர்கள்.

வரைபட மொழியில் ‘டெட்’ என்று ஒரு வார்த்தை உண்டு. இந்த இணைப்பு செத்துவிட்டது, வேறு வழியே இல்லாவிட்டால் தவிர இதைத் தொடாதே என்று பொருள். நீங்கள் விலக நினைத்தால் அதை முதலில் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாத வரைபடம் எல்லோர் கைக்கும் போகும்வரை, வருகிற கடிதங்களைச் சுமந்துகொண்டு இருங்கள். மோடத்தின் வயரை உருவிவிட்டு வீட்டுக்குப் போனவரின் கணினியில், அடுத்தவர்களின் கடிதங்கள் எந்தத் தகவலும் இல்லாமல் கிடந்து மக்கும்.

கடைசியாக ஒன்று. வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் விலைப்பட்டியலுக்கு மேலே சில வரிகள் இருக்கும். கணினியின் பெயர் ஒரு வரி, நிறுவனம் ஒரு வரி, அஞ்சல் முகவரி ஒரு வரி, அட்சரேகை தீர்க்கரேகைகூட ஒரு வரி. நடுவில் ‘சி’ என்று தொடங்கும் வரியில் அதைக் கவனித்துக்கொள்ளும் மனிதரின் பெயரும், ‘டி’ என்று தொடங்கும் வரியில் அவரது தொலைபேசி எண்ணும் இருக்கும். பாத்அலியஸ் நிரல் அந்த இரண்டு வரிகளையும் படிக்காது. குறிப்பு என்று தாண்டிப் போய்விடும். புதிய பாதை ஒன்றைத் திறக்கும் முன் நீங்கள் அதைப் படித்துவிட்டு, அவருக்கு ஒரு போன் போடுங்கள்.